புண்ணுக்குப் புண் வேறு பகை

முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழுதபடி ஓடிவரும் குழந்தையிடம் தாய் கேட்கும் முதற்கேள்வி, "எங்கே விழுந்தாய்?" என்பதே. முற்றத்து மணலில் விழுந்தானா, மாட்டுத் தொழுவத்தில் விழுந்தானா, ஆணி குத்தியதா, நாய் கடித்ததா என்பதை அறிந்த பிறகே அவள் மனம் அமைதி கொள்கிறது, அல்லது பதறுகிறது. புண்ணின் அளவைவிட அது பட்ட இடமும் பட்ட விதமும் முக்கியம் என்பது அவளுக்குத் தெரியும். எளிமையான இந்த உண்மையைத் தெளிவாக நிலைநாட்ட மருத்துவ உலகிற்கோ பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அதற்குக் கொடுத்த விலை எண்ணற்ற உயிர்கள்.

சீழ் நல்லதா?

பண்டைய உரோமையில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர் கலேன். அவர் பெயரால் ஒரு கருத்து ஐரோப்பாவில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. புண் ஆறவேண்டுமானால் அதில் முதலில் சீழ் பிடிக்க வேண்டும். கெட்டியான வெண்மையான சீழ் நல்ல அறிகுறி என்பதே அக்கருத்து. எனவே சீழ் வராத புண்ணில் சீழ் வரவழைக்கவும் மருத்துவர்கள் முயன்றனர்.

இதை எதிர்த்தவர்களுள் ஒருவர் திருச்சபையின் ஆயர் என்பதை நம்மில் பலர் அறியோம். 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த தியோதோரிக் போர்கொஞோனி, புனித சாமிநாதர் சபைத் துறவி. பின்னாளில் செர்வியா நகரின் ஆயர். அறுவை மருத்துவ நூல் ஒன்றின் ஆசிரியர். புண்ணில் சீழ் உண்டாவது தேவையற்றது என்றும், அதை வலிந்து உண்டாக்குவது பெருந்தவறு என்றும் அவர் துணிந்து எழுதினார். புண்ணில் கிடக்கும் அந்நியப் பொருள்களை அகற்றி, திராட்சை இரசத்தால் கழுவி, விளிம்புகளைச் சேர்த்துக் கட்டுவதே அவர் கையாண்ட முறை. திராட்சை இரசம் ஏன் பயன் தருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆயினும் கண்ணால் கண்டதை நம்பினார். பெரும்பாலோர் கலேனின் பெயரையே நம்பினர். அவர் குரல் எடுபடவில்லை.

இரண்டு மனிதர்கள், இரண்டு நாள்கள்

நூற்றாண்டுகள் கடந்தன. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பேறுகாலப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் மாணவர் பிரிவில் தாய்மாருள் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இறந்தனர். மருத்துவச்சிகளின் பிரிவிலோ நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. இந்த வேறுபாடு இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற இளம் மருத்துவரை உறங்கவிடவில்லை.

1847ஆம் ஆண்டு அவருடைய நண்பர் யாக்கோப் கோலெட்ஷ்கா பிணப் பரிசோதனையின்போது விரலில் கத்திபட்டு இறந்தார். நண்பரின் உடலில் காணப்பட்ட மாற்றங்கள் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மாரிடம் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மெல்வைஸின் உள்ளத்தில் ஒளி பிறந்தது. பிள்ளை பெற்றவளின் கருப்பையும் ஒரு திறந்த புண்ணே! பிணவறையிலிருந்து நேராக வரும் மாணவர்களின் கைகளே அதில் நஞ்சை வைக்கின்றன! குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவவேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். 1848ஆம் ஆண்டில் அப்பிரிவின் இறப்பு விகிதம் நூற்றுக்கு 1.3 அளவிற்கு இறங்கியது. ஆயினும் சக மருத்துவர்களுள் பலர் அவரை ஏற்கவில்லை. 'நம் கைகளா கொலை செய்தன?' என்ற கேள்வியைத் தாங்கிக்கொள்வது எளிதன்று. மனம் உடைந்து, மனநோயாளர் இல்லத்தில் அடைக்கப்பட்ட அவர், 1865 ஆகஸ்ட் 13 அன்று இறந்தார். அவருடைய மரணத்திற்கும் காரணம் ஒரு புண்ணில் பரவிய தொற்றே.

அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 12 அன்று, கிளாஸ்கோ மருத்துவமனைக்கு ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவன் கொண்டுவரப்பட்டான். வண்டிச் சக்கரம் ஏறியதால் அவன் காலெலும்பு முறிந்து, தோலும் கிழிந்திருந்தது. அக்காலத்தில் இத்தகைய முறிவு பெரும்பாலும் காலை இழப்பதிலோ சாவிலோ முடிந்தது. லூயி பாஸ்டரின் ஆய்வுகளைப் படித்திருந்த ஜோசப் லிஸ்டர், நுண்ணுயிரிகளே புண்ணை அழுகச் செய்கின்றன என்று கருதி, கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியால் புண்ணை மூடினார். சிறுவன் ஆறு வாரங்களில் நலமடைந்தான். முன்பு லிஸ்டர் உறுப்பு நீக்கிய 35 பேரில் 16 பேர் இறந்திருந்தனர். புதிய முறைக்குப் பின் 40 பேரில் 6 பேரே இறந்தனர். ஒருவர் உலகைவிட்டு மறையும் வேளையில், அவர் தேடிய விடை வேறொரு நாட்டில், வேறொருவர் கையில் தளிர்விட்டது.

பகைவர்களுக்குப் பெயர் கிடைத்தது

கிருமி உண்டு என்பது தெளிவாயிற்று. எந்தக் கிருமி? 1880ஆம் ஆண்டில் அபர்டீன் நகர மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், கட்டிகளின் சீழை நுண்ணோக்கியில் கண்டபோது, திராட்சைக் குலைபோல் கொத்துக்கொத்தாய் இருந்த உருண்டைகளைக் கண்டார். திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அவற்றிற்கு 'ஸ்டாஃபைலோகாக்கஸ்' எனப் பெயரிட்டார். நம் தோலிலும் மூக்கிலும் குடியிருந்து, அறுவைத் தையலிலும் சிறு கீறலிலும் நுழைந்து, கட்டியும் சீழும் உண்டாக்குவது இதுவே. சங்கிலிபோல் கோத்திருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வேறு இயல்பினது. அது ஓரிடத்தில் நில்லாமல் தோலடியில் விரைந்து பரவும். பிரசவக் காய்ச்சலால் தாய்மாரைக் கொன்றது பெரும்பாலும் அதுவே எனப் பாஸ்டர் 1879ஆம் ஆண்டில் காட்டினார்.

தீப்புண்ணின் கட்டுத்துணிகளில் சில வேளை நீலப்பச்சை நிறம் படிவதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கண்டிருந்தனர். அதற்குக் காரணமான சூடோமோனாஸ் கிருமியை 1882ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கார்ல் ஜெசார்டு பிரித்தெடுத்தார். ஈரத்தை விரும்பும் இக்கிருமி, தோலென்னும் வேலியிழந்த தீப்புண்ணைத் தன் வயலாக்கிக்கொள்கிறது.

இரணஜன்னியின் கதை இன்னும் வியப்பானது. 1884ஆம் ஆண்டில் ஆர்தர் நிக்கோலையர் தோட்டத்து மண்ணை விலங்குகளின் உடலில் செலுத்தியபோது அவற்றிற்கு இரணஜன்னி கண்டது. காற்றில்லாத இடத்திலேயே அக்கிருமி வளரும் என்பதை அறிந்து, 1889ஆம் ஆண்டில் அதைத் தனியே வளர்த்துக்காட்டியவர் ஜப்பானியரான கிட்டசாட்டோ. ஆணி குத்திய புண் ஏன் ஆபத்தானது என்பது இதனால் விளங்கிற்று. ஆணியின் துரு அன்று குற்றவாளி; மண்ணில் உறங்கும் வித்துக்களே. அவை காற்றுப் புகாத ஆழத்தில் விழித்தெழுகின்றன. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடியை அறுத்ததால் எத்தனையோ பச்சிளங் குழந்தைகள் இந்நோய்க்கு இரையாயினர். தாய்மாருக்குத் தடுப்பூசி போட்டும், தூய பேறுகாலப் பணியைப் பரப்பியும் 2015ஆம் ஆண்டில் இந்தியா இக்கொடுமையை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டது.

போர் கற்பித்த பாடம்

1914ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. பிளாண்டர்ஸ் வயல்கள் தலைமுறை தலைமுறையாக எருவிடப்பட்டவை. வெடிகுண்டுச் சில்லுகள் அம்மண்ணையும் அழுக்குத் துணியையும் வீரர்களின் தசைக்குள் ஆழமாகச் செலுத்தின. 1892ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் வெல்ச் கண்டறிந்திருந்த குளோஸ்ட்ரிடியம் கிருமி அங்கே பெருகி, தசையை அழுக வைத்து, தோலின்கீழ் வாயுவை நிரப்பியது.

லிஸ்டரின் வழியில் வந்த மருத்துவர்கள் கிருமிகொல்லி மருந்துகளை அப்புண்களில் ஊற்றினர். பயனில்லை. பூலோன் நகர ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங் காரணத்தைக் காட்டினார். கண்ணாடிக் குழாயிலிருந்து முட்கள்போல் கிளைகளை இழுத்து, சிதைந்த புண்ணைப் போன்ற ஒரு வடிவம் செய்தார். மருந்து ஊற்றிக் கழுவிய பின்னும் கிளைகளின் இடுக்குகளில் கிருமிகள் உயிரோடிருந்தன. மேலும், அந்த மருந்துகள் உடலின் காவலர்களான வெள்ளணுக்களையே கொன்றன. கிளாஸ்கோ சிறுவனைக் காத்த முறை பிளாண்டர்ஸ் வீரனைக் காக்கவில்லை. செத்த தசையை வெட்டி நீக்கி, புண்ணை உடனே தைக்காமல் திறந்து வைத்த பின்னரே பலர் பிழைத்தனர்.

அதே பிளெமிங் 1928ஆம் ஆண்டில் கண்ட பெனிசிலின், 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்குச் செலுத்தப்பட்டது. சாவின் விளிம்பிலிருந்த அவர் சில நாள்களில் தேறினார். மருந்தோ மிகக் குறைவு. அவருடைய சிறுநீரிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்துத் திரும்பச் செலுத்தினர். அதுவும் தீர்ந்தது, மார்ச் மாதத்தில் அவர் இறந்தார். மருந்து கிடைக்காமல் அன்று ஓர் உயிர் போயிற்று. மருந்தை மிதமிஞ்சியும் அரைகுறையாகவும் உட்கொள்வதால் இன்று உயிர்கள் போகின்றன. அளவு குறைத்து உண்டால் கிருமிகள் எதிர்ப்பாற்றல் பெறும் எனப் பிளெமிங்கே 1945ஆம் ஆண்டு நோபல் உரையில் எச்சரித்தார். 1959ஆம் ஆண்டில் வந்த மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ், இரண்டே ஆண்டுகளில் இங்கிலாந்தில் தோன்றியது.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? மருத்துவரைக் கேளாமல் கடையில் நான்கு மாத்திரை வாங்கி, வலி தணிந்ததும் நிறுத்திவிடுகிறோம். நீரிழிவு உள்ளவரின் காலில் பட்ட சிறு கொப்புளத்தை அலட்சியம் செய்கிறோம். ஒருவருக்குக் குணம் தந்த களிம்பை மற்றவர் புண்ணில் தடவுகிறோம். எல்லாப் புண்ணும் ஒன்றென எண்ணிய பழைய பிழைதான் இது. நோயாளியைக் காணச் செல்லும்போது பழம் வாங்கிச் செல்ல மறவாத நாம், கை கழுவ மறந்துவிடுகிறோம். செம்மெல்வைஸ் கேட்டது அவ்வளவுதான்: கைகளைக் கழுவுங்கள். தம் கைகளும் தவறு செய்யக்கூடும் என்று ஒப்புக்கொள்ளும் பணிவு அன்று பலருக்கு வாய்க்கவில்லை. நமக்கேனும் வாய்க்கட்டும்.