சேலத்து மதுவிலக்கும் புதுப்பாளையத்து ஆச்சிரமமும்

1937ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி, சென்னை மாகாணத்துச் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் சட்டப்படி மூடப்பட்டன. அவ்வாண்டு யூலையில் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற இராஜகோபாலாச்சாரியார், மூன்று மாதம் நிறையுமுன் இதனைச் செய்துமுடித்தார். மதுவிலக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இத் திகதியிலிருந்தே தொடங்குவர். அடியேனுக்கு அது நடுவிலே தொடங்குவதாகவே தோன்றுகிறது.

சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்திய செய்தி ஒன்றுண்டு. 1925இல், திருச்செங்கோட்டுக்கு அண்மையிலுள்ள புதுப்பாளையம் என்னுஞ் சிற்றூரில், சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராயிருந்து அத் தொழிலைத் துறந்த அதே இராஜாஜி, காந்தி ஆச்சிரமத்தை நிறுவினார். மழை பொய்க்கும் வறண்ட பூமி அது. ஆச்சிரமத்தார் ஏழைப் பெண்களுக்கு நூற்கும் வேலை கொடுத்தனர்; நூலுக்குக் கூலி கொடுத்தனர்; தீண்டாமையை ஒழிக்கப் பாடுபட்டனர். அவற்றோடு சேர்த்தே குடியின் கேட்டையும் எடுத்துரைத்தனர். இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. பசித்தவனிடம் போய்க் குடிக்காதே என்று மட்டும் சொன்னால் அவன் கேட்கமாட்டான்; அவன் மனைவி கையில் நாலு காசு சேர வழி செய்தவன் சொன்னால், கேளாவிட்டாலும் கதவைச் சாத்தமாட்டான்.

1929இல் இவ்வாச்சிரமத்திலிருந்து 'விமோசனம்' என்னும் மாதப் பத்திரிகை வெளிவந்தது. முழுக்க முழுக்க மதுவிலக்குக்கென்றே நடந்த தமிழ்ப் பத்திரிகை அது. திரு. வி. க.வின் 'நவசக்தி'யில் பணிபுரிந்து வந்த கல்கி இராஜாஜிக்குத் துணையாசிரியராக அமர்ந்தார். பிற்காலத்தில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கை அங்கே குடிகாரன் வீட்டுக் கதைகளை எழுதிப் பழகியது என்பதை நம் வாசகர்களிற் பலர் அறியமாட்டார்கள். கடினமான உபதேசங்களை அடுக்காமல், கதையாலும் படத்தாலும் பாமரரைப் பயிற்றுவதே அதன் முறை. பத்து இதழ்களோடு அது நின்றுபோயிற்று. 1930 ஏப்ரலில் இராஜாஜி வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை சென்று சிறை புகுந்தார்.

மிஷன் பாடசாலையிற் படித்த என் போன்றோருக்கு இம்முறை புதிதன்று. 1847இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே தோன்றிய 'நம்பிக்கைக் குழு' என்னும் இயக்கம், சிறுவர்களைப் பாட்டாலும் கூட்டங்களாலும் மதுவிலக்கிற் பழக்கியது. வளர்ந்தவனைத் திருத்துவதிலும் வளர்பவனைப் பழக்குவது எளிது என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

சேலத்துக்குத் திரும்புவோம். கடைகளை மூடியதும் காரியம் பொலீசார் கையில் மட்டும் விடப்படவில்லை. கூலி முடிந்து வரும் மனிதனுக்கு மாலைப்பொழுது வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறுமையை நிரப்பக் கிராமந்தோறும் பஜனை, நாடகம், விளையாட்டு என்பன ஊக்குவிக்கப்பட்டன. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சவும் அனுமதி இருந்தது. நம் யாழ்ப்பாணத்தார் கருப்பநீர் என்பது அதனையே. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, பூசாவிட்டால் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை, வேறுபாடு ஒரு விரற்கடைச் சுண்ணாம்பு.

ஆனாலும் மரமேறும் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அவர்களுக்கு வெல்லத்தொழில் முழு ஈடாகவில்லை. கடைகளுக்கு வரி வாங்கிய அரசாங்கமோ இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஏறுபவனுக்கு அப்படியொரு வழி கிடைக்கவில்லை.

இராஜாஜி 1927இல் காந்தியடிகளோடு இலங்கைக்கும் வந்தவர். அதற்கு முன்னரே இந் நாட்டில் 1912இல் அரசாங்கம் கள்ளுத் தவறணைகளைப் பெருக்கியபோது மதுவிலக்கு இயக்கம் கொதித்தெழுந்திருந்தது. பின்னர் ஊரவர் வாக்களித்துத் தம் ஊர்த் தவறணையை மூடும் உரிமையும் வந்தது. சங்கத்துப் பெரியவர்கள் தம் தந்தையரிடம் அக் கதைகளைக் கேட்டிருப்பர். வாக்குச் சேர்க்க வீடுவீடாக நடக்கவேண்டியிருந்தபடியால், அந்த நடையே ஒரு பயிற்சியாயிற்று என்பது என் எண்ணம்.

1939 ஒக்டோபரில் இராஜாஜியின் அமைச்சு பதவி விலகியது. யுத்தகாலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதுக்கும் அது விரிந்தபோது, சட்டம் எல்லா மாவட்டங்களையும் எட்டியது. ஒரு புதுப்பாளையம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கவில்லை. கள்ளச்சாராயம் பெருகிற்று. 1971இல், முதுமையிலிருந்த இராஜாஜியின் வேண்டுகோளையும் மீறித் தமிழ்நாட்டரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். 2003ஆம் ஆண்டு முதல் அம் மாநிலத்தில் மதுவைச் சில்லறையாக விற்கும் தனியுரிமை அரசாங்கக் கூட்டுத்தாபனத்துக்கே உரியதாயிற்று; முதன்முதலிற் கடைகள் பூட்டப்பட்ட சேலமும் அதற்கு விலக்கன்று.