ராகம் முன்னே, வேதம் பின்னே

ஒரு பாட்டை நாம் எப்படிக் கண்டுபிடிக்கிறோம்? தேடிப் போய்க் கண்டுபிடிக்கிறவர்கள் மிகச் சிலர். மற்றவர்களிடம் பாட்டே வந்து காதைத் திருகுகிறது. அடுத்த வீட்டு ரேடியோவிலிருந்தோ, கல்யாணப் பந்தலின் ஒலிபெருக்கியிலிருந்தோ ஓர் அடி காற்றில் மிதந்து வருகிறது. கையிலிருந்த வேலை நின்று போகிறது. பாடியவர் யார், எந்த ஊர், எந்த மதம் என்ற விசாரணையெல்லாம் அதற்குப் பிறகுதான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது ரசிகர்களின் உலகத்துக்கும் பொருந்துகிற பழமொழி.

சேலம், நாமக்கல் சமவெளியில் கிறிஸ்தவ சமயத்துக்கு நாட்டார் இட்ட பெயர் 'வேதம்'. அதில் சேர்ந்தவர் 'வேதக்காரர்'. அந்த வேதத்துக்கு மணியோசையாக முன்னே வந்தது கீர்த்தனை. ஆனால் அந்த மணியோசை கேட்க மிகவும் தாமதமாயிற்று. தாமதத்தின் காரணத்தில்தான் கதையே இருக்கிறது.

இந்தச் சமவெளிக்குக் கிறிஸ்தவம் புதிதன்று. 1623-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் தெ நொபிலி மதுரையை விட்டுப் புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கு வந்தார். அங்கே ராமச்சந்திர நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். அங்கிருந்து சேலத்துக்கும் போனார் நொபிலி. இத்தாலியப் பிரபு வம்சத்தில் பிறந்த அந்த மனிதர் காவி உடுத்தினார், மாமிசத்தை விட்டார், தமிழில் நூல் எழுதினார். அந்நியச் சரக்கை அந்நியப் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தால் யாரும் வாங்கமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்த ஜெர்மன் பாதிரிமார்களும் தமிழை ஆழ்ந்து கற்றவர்கள்தாம். ஆனால் பாட்டு என்று வந்தபோது பெரும்பாலும் தங்கள் ஊர் மெட்டுகளையே வைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் மெட்டு, தமிழ்ச் சொல். இவற்றுக்கு 'ஞானப்பாட்டு' என்று பெயர்.

இதிலே என்ன தொல்லை என்று கேட்கலாம். தமிழுக்குக் குறிலும் நெடிலும் இரண்டு கண்கள். 'பல்' வேறு, 'பால்' வேறு. ஜெர்மன் மெட்டிலோ எந்த அசை நீள வேண்டும் என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை, மெட்டு தீர்மானிக்கிறது. குறில் நிற்க வேண்டிய இடத்தில் மெட்டு இழுக்கும். நெடில் ஓட வேண்டிய இடத்தில் மெட்டு நறுக்கும். நமக்கு அடியின் தொடக்கத்தில் எதுகை வந்தால்தான் காது நிறையும். அவர்களுக்கோ அடியின் முடிவில் ஓசை ஒத்தால் போதும். ஆகவே கோவிலுக்குள் பழகியவர்கள் அந்தப் பாட்டை நேசித்தார்கள். தலைமுறை தலைமுறையாக இன்றும் நேசிக்கிறார்கள். ஆனால் கோவில் வாசலைத் தாண்டி, வழியோடு போகிறவன் காலைக் கட்டிப் போட அதனால் முடியவில்லை.

அதைச் செய்ய ஒரு தமிழ்க் கவிஞன் பிறந்து வர வேண்டியிருந்தது.

1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் என்ற சிறுவனை ஷ்வார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூருக்கு அழைத்து வந்து வளர்த்தார். அதே ஷ்வார்ட்ஸின் பாதுகாப்பில் இன்னொரு பிள்ளையும் வளர்ந்தான். பிற்காலத்தில் 1798 முதல் 1832 வரை தஞ்சைச் சிம்மாசனத்தில் இருந்த இரண்டாம் சரபோஜிதான் அந்தப் பிள்ளை. ஒருவர் மன்னரானார், மற்றவர் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார்.

அன்றைய தஞ்சாவூரைச் சற்று நினைத்துப் பாருங்கள். திருவையாற்றில் தியாகராஜர் இருந்த காலம். அரண்மனையில் மராட்டியக் கீர்த்தனம், தெலுங்கு பதம், தமிழ்க் குறவஞ்சி, இங்கிலீஷ் பாண்டு வாத்தியம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒலித்தன. அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த சாஸ்திரியார், தமது இருபத்தாறாவது வயதில், 1800-ல், 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடினார்.

குறவஞ்சியின் கதை நமக்குத் தெரிந்ததே. தலைவி தலைவனைக் கண்டு மயங்குவாள். குறத்தி வந்து குறி சொல்லுவாள். சிங்கன் பறவைக்குக் கண்ணி வைப்பான். சாஸ்திரியார் கட்டடத்தில் ஒரு கல்லையும் அசைக்கவில்லை. குடியிருப்பவர்களை மட்டும் மாற்றினார். தலைவி தேவமோகினி, தலைவன் கிறிஸ்து, குறி சொல்லும் குறத்திக்கு விசுவாசம் என்று பெயர். சிங்கன் பிடிப்பது பறவைகளை அல்ல, மனிதர்களை! போதாக்குறைக்கு, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற மேனாட்டு வானசாஸ்திரத்தையும் அதற்குள்ளே நுழைத்துவிட்டார். குறவஞ்சியின் ருசி அறிந்தவனுக்கு இந்தப் புது விருந்தை உண்ண யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கேட்டவர்கள் கொண்டாடினார்கள். 'சுவிசேஷக் கவிராயர்' என்று பட்டம் சூட்டினார்கள். சாஸ்திரியார் தமது பாடல்களைப் புத்தகத்தில் பூட்டி வைக்கவில்லை. கூட்டத்தின் நடுவே பாடிப் பொருள் சொன்னார். அவருக்குப் பின் அவர் சந்ததியாரும் அதையே தொழிலாகவும் தொண்டாகவும் கொண்டார்கள்.

ஆனால் 1820-களில் புதிதாக வந்த பாதிரிமாருக்கு இது பிடிக்கவில்லை. வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனை கூடாது என்றார்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பூ கூடாது என்றார்கள். பழகிய வேதமொழிபெயர்ப்பைத் திருத்தினார்கள். எல்லாச் சாதியாரும் வேற்றுமையின்றி ஒன்றாகத் திருவிருந்து கொள்ள வேண்டும் என்றார்கள். இந்த நான்கையும் நான்கு கொடுமைகள் என்று எழுதினார் சாஸ்திரியார். சண்டை முற்றி 1829-ல் அவருக்கு மிஷன் உத்தியோகம் போயிற்று. பழைய தோழர் சரபோஜி ஆதரவு தந்தார்.

அந்த நான்காவதைப் படிக்கும்போது நெஞ்சில் ஒரு முள் தைக்கிறது அல்லவா? ராகத்துக்காகப் போராடிய கவிஞர், பூவுக்காகப் போராடிய கவிஞர், சாதி வரிசைக்காகவும் போராடினார். அதை ஆதரித்துத் தனி நூல்களே எழுதினார். பாட்டைத் தடுத்த பாதிரிமாரோ சாதி விஷயத்தில் நியாயத்தின் பக்கம் நின்றார்கள். சரித்திரம் நல்லவர்களையும் கெட்டவர்களையும் தனித்தனிப் பந்தியில் உட்கார வைத்து நமக்குப் பரிமாறுவதில்லை.

இனி நம் சமவெளிக்குத் திரும்புவோம். லண்டன் மிஷன் சங்கத்தார் 1827-ல் சேலத்தில் தங்கள் நிலையத்தை அமைத்தார்கள். பிரசங்கம் செய்தார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், லெக்லர் பாதிரியார் தொழிற்பள்ளியும் தொடங்கினார். ஆனால் சந்தையில் நின்று பிரசங்கம் செய்கிறவனைச் சுற்றி எத்தனை பேர் நிற்பார்கள்? வாதம் செய்ய நாலு பேர். வேடிக்கை பார்க்க நாலு பேர்.

மாறுதல் தெற்கேயிருந்து வந்தது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்ற பாதிரியார் சாஸ்திரியாரின் பாடல்களைக் கேட்டுச் சொக்கிப் போனார். மற்றப் பாதிரிமார் முகம் சுளித்த இடத்தில் இவர் காதைத் தீட்டிக்கொண்டார். தமிழ் யாப்பையும் ராகத்தையும் கற்றார். 1853-ல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவற்றில் பெரும்பாலானவை சாஸ்திரியாருடையவை. அப்போது கவிஞருக்கு எழுபத்தொன்பது வயது. எந்தப் பாட்டுக்காக உத்தியோகத்தை இழந்தாரோ, அந்தப் பாட்டு வழிபாட்டுப் புத்தகமாக அச்சேறியதைக் கண்டபிறகே 1864-ல் அவர் கண்ணை மூடினார்.

புத்தகத்துக்குக் கால் முளைத்தது. ஒரு மிஷனிலிருந்து இன்னொரு மிஷனுக்கு, உபதேசியார்களின் துணிப்பையில் அது ஊர் ஊராக நடந்தது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞரின் உப்புச் சத்தியாக்கிரகப் பாட்டு, 1930-ல் வேதாரண்யம் சென்ற தொண்டர்களின் வாயிலேறி எப்படி நடந்தே நாடெங்கும் பரவியதோ, அப்படி.

பாட்டோடு கூடவே காலட்சேபமும் வந்தது. இந்தக் கலையைப் படித்துத் தேர்ந்த வெள்ளைக்காரர் ஒருவர் நம் சமவெளிக்கு வெகு அருகில், காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டில் இருந்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த எச். ஏ. பாப்லி அவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர். கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றவர். 1921-ல் இந்திய இசையைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் நெடுங்காலம் படிக்கப்பட்டது, திருக்குறளையும் மொழிபெயர்த்தார். பாட்டின் வழியே வேதம் சொல்லும் முறையை விளக்கி, எல். ஐ. ஸ்டீபன் என்பவரோடு சேர்ந்து 1914-ல் ஒரு கைநூலும் வெளியிட்டார்.

அந்தக் காலட்சேபத்தின் அமைப்பு எளியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின், ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு விளக்கு. ஒரு பிடில், ஒரு மிருதங்கம், ஒரு ஜாலரா. கதை சொல்லுகிறவர் ஒரு கீர்த்தனையைப் பாடுவார். நிறுத்தி, இரண்டு வார்த்தை வசனம் சொல்லுவார். கதை உருகும் இடத்தில் மறுபடியும் பாட்டு. கெட்டுப் போன குமாரன் வீடு திரும்பும் கட்டத்தில் முகாரி வந்தால், எந்த மதத்துத் தாய்க்குத்தான் கண் நிறையாது?

சேலத்தாருக்கும் நாமக்கல்லாருக்கும் இது எப்படிப் புதிதாகும்? உடுக்கையடித்து அண்ணன்மார் சாமி கதையை இரவு இரவாகப் பாடக் கேட்டவர்கள் அவர்கள். விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்தவர்கள். கதையும் பாட்டும் மாறி மாறி வருவதுதான் இரவுக்கு அழகு என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. வந்தவர்கள் வேதம் கேட்க வரவில்லை. கதை கேட்க வந்தார்கள். கேட்டவர்களில் பலர் மதம் மாறவும் இல்லை. ராகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அதுவும் ஒரு கண்டுபிடிப்புத்தான்.

ஆனால் உண்மையான ரசிகர்கள் வேறொரு கூட்டத்தார். இந்தப் பக்கத்துக் கிராமச் சபைகளில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் சேரி மக்கள். கோவிலுக்குள் நுழைய அவர்களுக்கு அனுமதியில்லை. மதுரை மீனாட்சி கோவில் கதவே 1939-ல்தான் திறந்தது. பாகவதர் கச்சேரி நடக்கும் திண்ணைக்குப் பக்கத்தில் அவர்கள் நிற்க முடியாது. அவர்கள் கைக்கு வந்த கீர்த்தனைப் புத்தகத்திலோ, ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகம் இன்னது, தாளம் இன்னது என்று அச்சிட்டிருந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று பிரித்திருந்தது. ஆனந்தபைரவியும் செஞ்சுருட்டியும் எந்தத் தெருவில் குடியிருக்கின்றன என்று கேட்காமல் அவர்கள் குடிசைக்குள் வந்து உட்கார்ந்தன. நாள் முழுதும் பிறர் நிலத்தில் குனிந்து வேலை செய்த பெண், மாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து தஞ்சாவூர் அரண்மனைக்குப் பக்கத்தில் பிறந்த கீர்த்தனையைப் பாடினாள்.

பாடியவர் சாதிக்கொரு இடம் கேட்டவர். அவருடைய பாட்டோ தனிப் பாய் கேட்கவில்லை. கவிஞன் தன் காலத்தின் கைதியாக இருக்கலாம். பாட்டு அவன் கையை விட்டுப் போன மறுகணமே விடுதலை பெற்றுவிடுகிறது. நாம் சாஸ்திரியாரை மன்னிப்பதோ கண்டிப்பதோ வேறு விஷயம். அவருடைய பாட்டே அவரைத் திருத்திவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு காலம் வேகமாக ஓடியது. 1939-ல் திருச்சி வானொலி வந்தது. இலங்கை வானொலியின் காலைப் பக்திப் பாடல்களை இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே பெட்டியில் கேட்டார்கள். ஒலிநாடா வந்தது, கித்தாரும் டிரம்மும் வந்தன. இன்று சேலத்துச் சபைகளில் இளைஞர்கள் மின்சாரக் கித்தாரை மீட்டிப் பாடுகிறார்கள். அவர்களுடைய அபிமானப் பாடகர்கள் கைபேசியின் வழியே வந்து சேருகிறார்கள். பெரியவர்கள் சிலர், "இது என்ன கூத்து! நம் கீர்த்தனை எங்கே போயிற்று?" என்று அங்கலாய்க்கிறார்கள்.

இந்த அங்கலாய்ப்பு நமக்கு மட்டும் உரியதன்று. 1969-ல் அமெரிக்காவில் லாரி நார்மன் என்ற நீண்ட முடிக்காரர் கிறிஸ்துவை ராக் இசையில் பாடி இசைத்தட்டு வெளியிட்டபோது, அந்த ஊர்ச் சபைப் பெரியவர்களும் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இளைஞர்களோ காதைக் கொடுத்தார்கள். கிறிஸ்தவ ராக் என்ற இனமே அப்படித் தோன்றியதுதான்.

1829-ல் தஞ்சாவூரில், பாட்டு மிகவும் நாட்டுத்தனமாக இருக்கிறது என்று குற்றம் சாட்டினார்கள். இன்று, மிகவும் மேனாட்டுத்தனமாக இருக்கிறது என்று சொல்லுகிறார்கள். குற்றச்சாட்டு தலைகீழாகிவிட்டது, குற்றம் சாட்டுகிறவரின் முகம் மாறவில்லை. அன்று தள்ளிய கீர்த்தனைதான் இன்று காக்கப்பட வேண்டிய பழமையாக நிற்கிறது.

எந்தப் பாட்டு நிலைக்கும் என்று சொல்ல நான் சோதிடன் அல்லன். பாட்டின் பிழைப்பு மேடையில் அமர்ந்திருப்பவர்கள் கையில் இல்லை என்பது மட்டும் இந்தச் சமவெளியின் கதையிலிருந்து தெரிகிறது. கூட்டத்தின் ஓரத்தில், இருட்டில், வந்த காரியத்தை மறந்து நிற்கிறானே, பெயர் தெரியாத அந்த ஒருவன், அவன் வீட்டுக்குப் போகும் வழியில் எதை முணுமுணுக்கிறானோ அதுதான் பிழைக்கும்.