நம்பிக்கை இடைவெளி

புள்ளியியலில் நம்பிக்கை இடைவெளி என்பது, ஒரு முழுமைத்தொகுதியின் அறியப்படாத சராசரி போன்ற பண்பளவையைக் கூறு ஒன்றைக் கொண்டு மதிப்பிடும்போது, அம்மதிப்பீட்டுடன் தரப்படும் கீழெல்லையும் மேலெல்லையும் ஆகும். இதற்கு அடிப்படையாக அமைவது கூறெடுப்புப் பரவல். தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகை மாவட்டங்களில் நடத்தப்படும் பயிர் அறுவடைப் பரிசோதனை இவ்விரண்டையும் விளக்கும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

பயிர் அறுவடைப் பரிசோதனை

காவிரிப் படுகையில் குறுவை, சம்பா, தாளடி ஆகிய பருவங்களில் நெல் பயிரிடப்படுகிறது. ஒரு கிராமத்தின் எல்லா வயல்களையும் தனித்தனியே அறுத்து எடைபோடுவது இயலாது. எனவே சமவாய்ப்பு எண்களைக் கொண்டு சில வயல்களும், ஒவ்வொரு வயலிலும் ஓர் இடமும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. அங்கு 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட சதுரம் அளக்கப்பட்டு, அதிலுள்ள கதிர் அறுத்து, அடித்து, எடை காணப்படுகிறது. அதன் பரப்பு 25 சதுர மீட்டர். ஆகவே எடையை 400 ஆல் பெருக்கினால் எக்டேருக்கான விளைச்சல் கிடைக்கும்.

கூறெடுப்புப் பரவல்

வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலும் கடைமடை வயலும் ஒரே அளவில் விளைவதில்லை. எனவே வேறு 4 வயல்கள் தேர்வாகியிருந்தால் சராசரியும் வேறாக இருந்திருக்கும். இவ்வாறு கிடைக்கக்கூடிய எல்லாச் சராசரிகளும் சேர்ந்த பரவலே சராசரியின் கூறெடுப்புப் பரவல் எனப்படும். இப்பரவலின் திட்ட விலக்கம் திட்டப்பிழை என்று அழைக்கப்படுகிறது. கூறின் திட்ட விலக்கத்தைக் கூறின் அளவின் வர்க்கமூலத்தால் வகுத்து இது மதிப்பிடப்படுகிறது. பிழையைப் பாதியாக்க வேண்டுமெனில் சோதனைகளை நான்கு மடங்காக்க வேண்டும்.

கணக்கீடு

ஒரு கிராமத்தில் 4 சோதனைகளின் சராசரி 12.5 கிலோ, திட்ட விலக்கம் 2 கிலோ எனக் கொள்வோம் (இவை விளக்கத்திற்கான கற்பனை எண்கள்). சராசரி விளைச்சல் எக்டேருக்கு 5,000 கிலோ. திட்டப்பிழை 1 கிலோ. கூறு சிறியதாகையால், வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்ட ஆய்விலிருந்து உருவான டி-பரவல் பயன்படுத்தப்படுகிறது. 3 கட்டின்மைப் படிகளுக்கு 95% மட்டத்தில் அதன் மதிப்பு 3.182. எனவே இடைவெளி எக்டேருக்கு 3,727 முதல் 6,273 கிலோ வரை. இதே சராசரியும் விலக்கமும் 16 சோதனைகளில் கிடைத்திருந்தால் (டி-மதிப்பு 2.131) இடைவெளி 4,574 முதல் 5,426 கிலோ வரை எனச் சுருங்கும்.

பொருள் கொள்ளுதல்

கிராமத்தின் உண்மைச் சராசரி மாறாத ஓர் எண். கூறுக்குக் கூறு மாறுவது இடைவெளியே. இம்முறையைப் பலமுறை பின்பற்றினால், கிடைக்கும் இடைவெளிகளில் ஏறத்தாழ 95% உண்மைச் சராசரியை உள்ளடக்கும் என்பதே 95% நம்பிக்கையின் பொருள். 1937இல் இக்கோட்பாட்டை விரிவாக வகுத்தவர் எர்சி நெய்மன். 95% வயல்களின் விளைச்சல் இவ்வெல்லைகளுக்குள் அமையும் என்று கொள்வது மாணவரிடம் காணப்படும் பொதுவான தவறு.

சாய்வுப் பிழை

நம்பிக்கை இடைவெளி கூறெடுப்புப் பிழையை மட்டுமே காட்டும். அளவிடும் முறையில் உள்ள சாய்வைக் காட்டாது. இந்தியாவில் ஜே. ஏ. ஹப்பாக் 1920களில் பீகார்-ஒரிசா பகுதியில் நெல் விளைச்சலைச் சமவாய்ப்புக் கூறெடுப்பால் மதிப்பிட்டார். பின்னர் பி. சி. மகலனோபிசு வங்காளத்தில் சிறு பரப்புகளை அறுத்து மதிப்பிடும் முறையைக் கையாண்டார். மிகச் சிறிய பரப்புகளில் எல்லையோரச் செடிகளும் சேர்ந்துவிடுவதால் விளைச்சல் மிகையாக மதிப்பிடப்படும் என பி. வி. சுகாத்மே 1946இல் சுட்டிக்காட்டினார். இத்தகைய பிழை சோதனைகளைப் பெருக்கினாலும் நீங்காது.

பயிர்க் காப்பீட்டில்

2016இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் நெறிமுறைகள், முக்கியப் பயிர்களுக்குக் கிராம ஊராட்சி அளவில் குறைந்தது 4 சோதனைகளைக் கோரின. கிராமத்தின் சராசரி, உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால், காப்பீடு செய்த அனைவருக்கும் அக்குறைவின் விகிதத்தில் இழப்பீடு கணக்கிடப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் உத்தரவாத மகசூல் 4,600 கிலோ எனில், 5,000 கிலோ சராசரிக்கு இழப்பீடு கிடைக்காது. ஆனால் 4 சோதனைகளின் இடைவெளி 4,600ஐத் தாண்டி வெகுவாகக் கீழிறங்குகிறது. உண்மைச் சராசரி அதற்குக் கீழே இருந்திருக்கவும் கூடும். 16 சோதனைகளிலோ கீழெல்லை 4,574 மட்டுமே. எனவே சோதனைகளின் எண்ணிக்கையும் சதுரத்தைச் சரியாக அளப்பதும் ஒரு கிராமம் முழுவதற்குமான இழப்பீட்டைத் தீர்மானிக்கக்கூடியவை.