படைவீரனும் அவன் இல்லமும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே செல்லும் கடலோரப் பாதையில் உப்புவெளியைக் கடக்கும்போது வீதியோரத்தில் ஓர் அமைதியான தோட்டம் தென்படும். புல் ஒரே மட்டமாக வெட்டப்பட்டிருக்கும். ஒரே அளவான கற்கள் வரிசை வரிசையாக நிற்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இத்துறைமுகத்தை அண்டி உயிர்நீத்த படையினரின் மயானம் அது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கியதையும், அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதையும் நேயர்கள் அறிவர். 1917ஆம் ஆண்டில் தோன்றி, இன்று பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு என வழங்கும் நிறுவனம் அம்மயானத்தைப் பேணி வருகிறது. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவான கல் என்பது அந்நிறுவனத்தின் விதி. அங்கிருந்து நிலாவெளியும் குச்சவெளியும் கடந்து சென்றால் திரியாய் என்னும் பழம்பதியை அடையலாம்.

இறந்த வீரனைப் பேணுவதற்கு அரசுகள் ஒரு வழியைக் கண்டுவிட்டன. கல்லுக்குப் பசியில்லை, அது நள்ளிரவில் தண்ணீர் கேட்பதுமில்லை. ஆனால் காலிழந்தும் கண்ணிழந்தும் உயிரோடு வீடு திரும்பியவனைப் பேணுவது எவ்வாறு? அவனை யார் பேணுவது? அப்பணிக்கு யார் பொருள் கொடுப்பது? இவ்வினாக்களுக்கு ஆயிரம் ஆண்டுகளாக வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. அவற்றுட் சில இத்திருகோணமலை மாவட்டத்தின் மண்ணிலேயே பதிந்துள்ளன.

திரியாய்க் குன்றிலுள்ள வடமொழிக் கல்வெட்டு வணிகரைப் பேசுகிறது; படைவீரரைப் பேசவில்லை. படைவீரரைக் காண வேண்டுமாயின் தெற்கே கந்தளாய்ப் பக்கம் செல்லவேண்டும். அங்கே பளமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று, முதலாம் விசயபாகு மன்னன் காலத்தது. பார்ப்பனக் கைம்பெண் ஒருத்தி, இறந்துபோன தன் கணவனின் புண்ணியத்தின் பொருட்டுக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்கு அறக்கட்டளை அமைத்ததை அது கூறுகிறது. அவ்வறம் கெடாதவாறு காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அரசனுக்காக உயிரையும் கொடுப்பதாகச் சூளுரைத்த படையினர் இவ்வேளைக்காரர். பொருளுள்ள ஒரு கைம்பெண்ணின் அறத்தை அவர்கள் காத்தனர். வேளைக்காரன் ஒருவன் களத்தில் வீழ்ந்தால் அவனுடைய கைம்பெண்ணை யார் காத்தனர் என்பதற்கு அக்கல்லில் விடையில்லை.

அதற்கு விடை நிலத்தில் இருந்தது. பழந்தமிழகத்தில் போரில் வீழ்ந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவது வழக்கம். உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் அதற்குப் பெயர். இரண்டும் குருதியைக் குறிக்கும் சொற்களே. வீரனுக்குக் கல் நடுவதும் அவன் மக்களுக்கு வயல் விடுவதும் ஒரே கடனின் இரு கூறுகளாகக் கருதப்பட்டன. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் நிற்கும் நடுகற்கள் இதற்குச் சான்று.

இலங்கையிலும் படையினர் நிலம் பெற்று வாழ்ந்தனர். ஆனால் அந்த நிலத்துக்கு உறுதியில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு ஆண்டபோது, கோட்டசாரம் என்னும் இடத்தில் குடியிருந்த வேளைக்காரரும் பிறரும் கிளர்ந்தெழுந்தனர் எனவும், அவர்கள் அடக்கப்பட்டு, நெடுங்காலம் அனுபவித்த நிலங்களை இழந்தனர் எனவும் சூளவம்சம் கூறுகிறது. கோட்டசாரம் என்பது திருகோணமலைக் குடாவின் தென்கரையிலுள்ள கொட்டியாரமே என்பது ஆய்வாளர் கருத்து. கிளர்ந்தவன் நிலத்தை இழந்தது அக்கால அரசியலில் வியப்பன்று. ஆயினும் அந்த வயல்களை நம்பியிருந்த முதியோரும் பிள்ளைகளும் கிளர்ச்சி செய்தவரல்லர். சேவைக்காக விடப்பட்ட நிலம் சேவையோடும் விசுவாசத்தோடும் கட்டுண்டு கிடந்தது. பிற்காலத்து இராசகாரிய முறைக்கும் அடிப்படை இதுவே.

நிலக்கொடைக்கு இன்னொரு குறையும் உண்டு. வயலை உழவேண்டும். இறந்தவனின் மைந்தர் உழுவர். காலிழந்தவன் எவ்வாறு உழுவான்? அவனுடைய மனைவி வயலையும் பார்த்து, அவனையும் பார்க்கவேண்டும். கல்வெட்டு எழுதியவர்கள் வேலிக் கணக்கையும் மாக் கணக்கையும் பிசகாமல் எழுதினர். இந்த இரட்டைப் பாரத்தை எழுதுவதற்கு அவர்களிடம் அளவை இருக்கவில்லை.

ஐரோப்பிய மன்னர்கள் வேறொரு விடை கண்டனர். பிரான்சின் பதினான்காம் லூயி 1670ஆம் ஆண்டில் பாரிசு நகரில் அங்கவீனமுற்ற வீரருக்கென ஒரு மாளிகையை அமைக்க ஆணையிட்டான். இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் 1682ஆம் ஆண்டில் செல்சியில் அதுபோன்ற ஓர் இல்லத்தைத் தொடக்கினான். மாளிகைகள் அழகாகவே இருந்தன. அவற்றின் குவிமாடங்களை இன்றும் மக்கள் சென்று பார்க்கின்றனர். ஆனால் செல்சி இல்லத்தில் தங்கக்கூடியவர் சில நூற்றுவரே. ஏனையோர் தம் ஊரிலே, தம் வீட்டிலே இருந்தவாறு பணம் பெற்றனர். அவர்களுக்குப் புற உபகாரச் சம்பளக்காரர் என்று பெயர். நெப்போலியப் போர்களின் பின் 1820களில் அவர்களின் தொகை 80,000ஐக் கடந்தது. செல்சி என்றால் செந்நிறக் கோட்டு அணிந்த முதியவர்களே கண்முன் வருவர். செல்சியின் உண்மையான வரலாறோ கிராமத்துக் குடிசைகளில் நிகழ்ந்தது.

அக்குடிசைகளுக்குப் பணம் ஒழுங்காகச் சென்றதா எனில், இல்லை. தவணை முடிந்த பின்னரே அது கிடைத்தது. அதுவரை உண்ண வழியில்லாதவர்கள் வட்டிக்காரனிடம் சென்றனர். அவன் வருங்காலச் சம்பளத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டான். படைச் சம்பளப் பொறுப்பாளராக இருந்த வில்லியம் பிட் 1754ஆம் ஆண்டில் கொண்டுவந்த சட்டமே, பணத்தை முன்கூட்டிக் கொடுத்து இக்கொடுமையை நிறுத்தியது. உதவி எவ்வளவு என்பது மட்டுமன்று, எந்த நாளில் கைக்கு வருகிறது என்பதும் ஒரு குடும்பத்தின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதை ஓர் அரசு கற்றுக்கொண்ட நிகழ்ச்சி இது.

கீழைத் தேயத்துக்கு வந்த ஆங்கிலக் கும்பினி இம்முறையைத் தன்னோடு கொண்டுவந்தது. வேற்றுமையையும் உடன் கொண்டுவந்தது. வங்காள நவாபு மீர் சாபர் தமக்கு விட்டுச்சென்ற 5 இலட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு 1770ஆம் ஆண்டில் கிளைவு பிரபு அமைத்த நிதி, கும்பினியின் ஐரோப்பியப் படையினருக்கும் அவர்தம் கைம்பெண்களுக்கும் உரியது. பணம் இந்திய நவாபின் பணம். பங்கு இந்தியச் சிப்பாய்க்கு இல்லை. சிப்பாய்க்கு வேறு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. பீகாரில் பாகல்பூர்ப் பக்கத்தில் தளர்ந்த சிப்பாய்களுக்குச் சாகீர் நிலம் வழங்கிக் குடியமர்த்தினர். சென்னைப் படையிலோ சிப்பாய்களின் புதல்வரைச் சிறுவயதிலேயே படைப் பட்டியலிற் சேர்த்து, குறைந்த சம்பளம் கொடுத்தனர். தந்தையின் கடனை மகனின் எதிர்காலத்தைக் கொண்டு அடைத்த முறை அது. 1795ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் தளபதி ஸ்ருவட்டின் கீழ்த் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்ற வந்தவர்களுள் இச்சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர்.

இவ்வளவிலும் அரசு கொடுத்தது நிலம் அல்லது பணம் அல்லது தங்குமிடம். வீட்டிலே அவனுக்குச் சோறூட்டி, புண் கழுவி, படுக்கையிற் புரட்டி விடுகின்ற வேலைக்கு ஒரு பெறுமதி உண்டு என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் சட்டத்துக்குள் நுழைகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது அந்நாட்டு வீடுகள் அங்கமிழந்தவர்களால் நிறைந்திருந்தன. பிறரொருவரின் இடையறாத துணை தேவைப்படும் வீரருக்குக் கூடுதலான உபகாரச் சம்பளம் வழங்கவேண்டும் என்று 1870களில் அங்கே சட்டம் ஆயிற்று. முதலாம் உலகப் போரின் பின் பிரித்தானியாவும் இவ்வழியில் இடையறாப் பணிவிடைக்கென ஒரு படியை ஏற்படுத்தியது. இந்தியப் படையிலும் இது நிலைத்தது. நூற்றுக்கு நூறு அங்கவீனமுற்று, பிறர் துணையின்றி இயங்கமுடியாத வீரருக்கு அங்கவீன உபகாரச் சம்பளத்தோடு இப்படியும் சேரும். 2017ஆம் ஆண்டு யூலை முதல் அது மாதம் 6,750 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பின்னர் வேறு நாடுகள் பணத்தோடு நில்லாமல் பணியாளையே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. கனடா 1981ஆம் ஆண்டிலும், அவுஸ்திரேலியா 2001ஆம் ஆண்டிலும் முதிய வீரர்களின் இல்லத்துக்கே துப்புரவுப் பணியும் பராமரிப்பும் சென்றடையும் திட்டங்களை அமைத்தன. இதற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. முதியவர் வீட்டில் இருப்பது மருத்துவமனைக் கட்டிலிலும் செலவு குறைந்தது என்பதை நிதியமைச்சுகள் கண்டுகொண்டன. நல்ல காரியங்கள் பல இவ்வாறு கணக்குப் புத்தகத்தின் வழியாகவும் வருவதுண்டு. ஆனால் உண்மையான மாற்றம் 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. வீரனைப் பராமரிக்கும் மனைவிக்கோ தாய்க்கோ அவள் பெயரிலேயே மாதந்தோறும் பணமும் பயிற்சியும் ஓய்வுக்காலமும் வழங்கும் சட்டம் அவ்வாண்டு நிறைவேறியது. தொடக்கத்தில் 2001ஆம் ஆண்டு செத்தெம்பருக்குப் பிற்பட்ட போர்களின் வீரருக்கே அது உரித்தாயிற்று. வியட்நாம் போரின் வீரர் 2018ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தனர். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணவனைத் தூக்கி இருத்திய பெண்கள் அவர்களுள் இருந்தனர்.

இலங்கையில் இத்துறையின் அடிப்படைச் சட்டம் 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்க ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம். முப்படையினரிலும் பொலிசாரிலும் அங்கவீனமுற்றோரின் பிற்பராமரிப்பும் புனர்வாழ்வும், இறந்தோர், காணாமற்போனோர், அங்கவீனமுற்றோர் ஆகியோரின் குடும்ப நலமும் அதன் நோக்கங்கள். போரில் இறந்தவரின் சம்பளம், அவர் உயிரோடிருந்தால் 55 வயது எய்தியிருக்கும் நாள் வரை குடும்பத்துக்கு வழங்கப்படும் முறையும் இங்குண்டு. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின், கடும் அங்கவீனமுற்றோர் தங்குவதற்கு அனுராதபுரம் முதலிய இடங்களில் அபிமன்சல என்னும் இல்லங்கள் கட்டப்பட்டன. செல்சியைப் போன்று அவையும் அழகிய கட்டடங்கள். செல்சியைப் போன்றே, இங்கும் பெரும்பாலானோர் வாழ்வது தம் ஊர் வீடுகளில்தான்.

திருகோணமலை மாவட்டத்தில் இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1985ஆம் ஆண்டில் திரியாய் மக்கள் வீடுகள் எரியுண்டு ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். பல ஆண்டுகளின் பின்னரே ஒரு பகுதியினர் மீண்டனர். சீருடை அணியாது அங்கமிழந்தவர்களும், பிள்ளைகளை இழந்த முதியவர்களும் இம்மாவட்டத்தின் எல்லாச் சமூகங்களிலும் உள்ளனர். அவர்களுக்கு ரணவிருச் சட்டம் பொருந்தாது. இழப்பீடுகளுக்கான அலுவலகத்தை நிறுவிய 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டமே அவர்கள் பக்கம் பார்க்கிறது. முன்னதற்கும் பின்னதற்கும் இடையே பத்தொன்பது ஆண்டுகள் உள்ளன. பராமரிக்கும் தாயின் வேலையோ இருவகை வீட்டிலும் ஒன்றே. தண்ணீர் சூடாக்குவதும், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதும், இரவில் இருமுறை எழுந்து பார்ப்பதும் சீருடையைப் பொறுத்தவையல்ல.

இச்சட்டங்களின் சொற்களில் ஒன்று நின்று நோக்கத் தக்கது. அங்கவீனமுற்ற வீரனின் மனைவியையும் பெற்றோரையும் ரணவிருச் சட்டம் தங்கிவாழ்வோர் என்று குறிப்பிடுகிறது. உபகாரச் சம்பளத்துக்கென எங்கும் வழங்கும் சொல் அது. செல்சியின் காலத்துப் பார்வையிலிருந்து வந்தது. சம்பளம் அவன் பெயரில் வருவதால் அவள் அவனில் தங்கி வாழ்பவள் ஆகிறாள். காலையில் அவனை எழுப்பி இருத்துவதற்கு அவள் வராவிட்டால், அன்று அவன் படுக்கையிலேயே கிடப்பான்.