கள்ளத்தோணி முதல் கப்பல் தீ வரை: இலங்கைக் கடற்படையின் மாறிவந்த பணிகள்

கடற்படை என்றவுடன் பீரங்கி பூட்டிய போர்க்கப்பல்தான் நமது கண்முன் வருகிறது. ஆனால் ஒரு கடற்படைக்கு மூன்று வேலைகள் உண்டு என்று 1977இல் எழுதினார் பிரித்தானிய ஆய்வாளர் கென் பூத். ஒன்று போர். மற்றது இராஜதந்திரம்; அதாவது கொடியைக் காட்டுவது, நட்பைப் பேணுவது. மூன்றாவது கடலில் பொலிஸ் வேலை. இந்த மூன்றையும் வைத்து இலங்கைக் கடற்படையின் கதையைப் பார்த்தால், அது பொலிஸ் வேலையில் நடை பழகி, போரில் வளர்ந்து, மறுபடி பொலிஸ் வேலைக்கே வந்திருப்பது தெரியும். ஆனால் திரும்பி வரும்போது போர்க்காலத்து உடம்போடு வந்திருக்கிறது. கரையோரத்தில் வாழ்கிற சமூகம் என்ற வகையில் இந்த வரலாறு நமக்கும் உரியது.

1938 ஜனவரியில் தொடங்கிய இலங்கைக் கடற்படைத் தொண்டர் படைதான் இதன் வேர். இரண்டாம் உலகப் போரில் அது பிரித்தானியக் கடற்படையின் கீழ் வேலை செய்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 டிசம்பர் 9ஆம் திகதி, கடற்படைச் சட்டத்தின் கீழ் 'றோயல் சிலோன் நேவி' பிறந்தது. அப்போதும் திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியர் கையில்தான் இருந்தது. 1957இல்தான் அது இலங்கைக்குக் கிடைத்தது. பெரிய எதிரியைப் பிரித்தானியா பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில், இந்தச் சின்னப் படைக்குக் கிடைத்த வேலை வேறாக இருந்தது.

அது பாக்கு நீரிணையைக் காவல் காப்பது. கடத்தல் பொருளையும், அனுமதியில்லாமல் வரும் ஆட்களையும் பிடிப்பது. 1952இல் இராணுவம் தொடங்கிய 'ஒப்பரேஷன் மொன்டி' இதற்காகவே வந்தது. கடற்படை நீரில் மறித்தது, இராணுவம் கரையில் காத்திருந்தது. நூற்றாண்டுகளாக ஒரே கடலின் இரண்டு கரைகளாக இருந்த இடங்களுக்கிடையே, எல்லைக்கோடு என்ற ஒன்றைக் காவல் வள்ளங்கள்தான் கண்ணுக்குத் தெரியவைத்தன. காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் கொண்டான் கொடுத்தானாக இருந்த குடும்பங்களுக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் நன்றாகவே விளங்கும். 'கள்ளத்தோணி' என்ற சொல் கடலை விட்டுக் கரைக்கு ஏறி, மலையகத் தமிழரையும் சில வேளை எங்கட ஆட்களையும் ஏசுகிற வார்த்தையாக மாறியதும் இந்தக் காலத்துப் பழக்கத்தால்தான்.

1962 ஜனவரியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகளோடு கடற்படையின் முன்னாள் தளபதி ஒருவரின் பெயரும் அடிபட்டது. அதற்குப் பிறகு ஆட்சியாளருக்குப் படைகள்மீது நம்பிக்கை விட்டுப்போனது; கடற்படை சுருங்கியது. அதன் விளைவு 1971 கிளர்ச்சியில் தெரிந்தது. மாலுமிகள் கப்பலை விட்டிறங்கிக் கரையில் காவல் நின்றார்கள். நாட்டைச் சுற்றியுள்ள கடலைக் காவல் காக்க இந்தியக் கப்பல்கள் வரவேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு குடியரசானதும் பெயர் இலங்கைக் கடற்படை ஆனது. சீனாவிலிருந்து 'ஷங்ஹாய்' வகைப் படகுகளும் வந்தன.

பிறகு வந்தது உள்நாட்டுப் போர். 1994 செப்டெம்பரில் மன்னார்க் கடலில் 'சாகரவர்தன' மூழ்கடிக்கப்பட்டது. 1995 ஏப்ரலில் திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே இரண்டு படகுகள் தகர்க்கப்பட்டன. அத்தோடு சமாதானப் பேச்சும் முடிந்தது. பெரிய கப்பலால் சின்னப் படகுக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்று கண்ட கடற்படை, டோரா படகுகளோடு தானே கட்டிய சிறிய தாக்குதல் படகுகளையும் நூற்றுக்கணக்கில் இறக்கியது. 2006, 2007இல் புலிகளின் ஆயுதக் கப்பல்களைத் தேடி ஆயிரம் கடல்மைலுக்கும் அப்பால் போனது. கரையோரக் காவல் படை ஒன்று ஆழ்கடல் படையானது அப்போதுதான்.

இந்த வெற்றியின் விலையைக் கரையும் கொடுத்தது. பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக முடியாது, இன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும், இவ்வளவு குதிரைவலுவுக்கு மேல் மோட்டார் பூட்டக்கூடாது என்ற கட்டுப்பாடுகளோடு வடக்கு, கிழக்கு மீனவர்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 2008, 2009 காலத்தில் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் உட்படப் 11 பேர் கடத்தப்பட்ட வழக்கில் கடற்படையினர் மீதே குற்றம் சுமத்தப்பட்டது. 1990 ஒக்டோபரில் புலிகளால் விரட்டப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் போர் முடிந்து திரும்பியபோது, சிலாவத்துறையில் தங்கள் காணியில் கடற்படை முகாம் இருப்பதைக் கண்டார்கள். பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்களுக்கும் அதே கதைதான். காணியைக் கேட்டு இரண்டு ஊராரும் போராட வேண்டியிருந்தது.

போர் முடிந்ததும் எதிரி மாறினான். இலங்கையின் பிரத்தியேக பொருளாதார வலயம் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல்; அதாவது நிலப்பரப்பைப் போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. இன்று அங்கே தேடப்படுவது ஹெரோயின் ஏற்றிய பலநாள் படகுகளும், எல்லை தாண்டும் இழுவைப் படகுகளும். 2020 செப்டெம்பரில் 'நியூ டயமண்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் பொத்துவிலுக்கு வடக்கே சங்கமன்கண்டிக் கடலில் தீப்பிடித்தது. அதன் வயிற்றில் 2,70,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. இலங்கைக் கடற்படையும் விமானப்படையும் இந்தியக் கப்பல்களும் சேர்ந்து தீயை அணைத்திராவிட்டால், நமது கிழக்குக் கரை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அடுத்த ஆண்டு கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' எரிந்து மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரை முழுக்க ஒதுங்கின. அதே 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளோடு மிதவைப் படகு கவிழ்ந்தபோது, தண்ணீரில் தேடியவர்களில் கடற்படைச் சுழியோடிகளும் இருந்தார்கள்.

இவை எல்லாம் தேவையான வேலைகள்தான். கேள்வி, யார் எந்தச் சட்டத்தின் கீழ் செய்வது என்பது. 2009இல் பாராளுமன்றம் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. கடலில் பொலிஸ் வேலையைப் போர்ப் படையிலிருந்து பிரித்து எடுப்பதற்கு அது ஒரு வாய்ப்பு. ஆனால் அந்தத் திணைக்களம் சின்னதாகவே நிற்கிறது. மறுபக்கம் கடற்படையின் பெரிய கப்பல்களான 'சமுதுர', 'கஜபாகு' இரண்டும் அமெரிக்கக் கரையோரக் காவல் படையில் ஓடி ஓய்வு பெற்றவை! காவல் கப்பல் போர்ப் படையில். காவல் சட்டம் வேறொரு திணைக்களத்தில். போர்ப் படை எதிரியைத் தேடிப் பழகியது. காவலுக்குச் சந்தேக நபரும் உரிமையுள்ள மனிதன்தான். இந்த இரண்டு மனப்பான்மையும் ஒரே வள்ளத்தில் போகும்போது, நடுவில் அகப்படுவது கடலுக்குப் போகிற ஏழைதான்.

2022 டிசம்பரில் வடக்குக் கடலில் தத்தளித்த நூற்றுக்கும் அதிகமான ரோஹிங்கியா முஸ்லிம்களைக் கடற்படை கரை சேர்த்தது. 2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரைக்கு இன்னொரு படகு வந்தது. முதலில் கண்டு சோறு தண்ணீர் கொடுத்தவர்கள் தமிழ் மீனவர்கள். போர் தின்று தீர்த்த ஊரின் மக்கள். பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டு சென்றது. கடலில் உயிர் தப்பியவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றிய பேச்சு கரையில் கொஞ்ச நாளிலேயே தொடங்கிவிட்டது.

1952இல் 'கள்ளத்தோணி'யை மறித்த படையே, எழுபது வருடத்துக்குப் பிறகு அதே வடகடலில் ஒரு தோணியைக் காப்பாற்றியிருக்கிறது. படகில் இருப்பவன் கள்ளனா, அகதியா என்று தீர்மானிப்பது கரையில் எழுதப்படும் சட்டம். அந்தச் சட்டத்தை எழுதும்போது கரையோரத்துக்காரர்களாகிய நாமும் பேச வேண்டும்.