கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை

மசமுனே ஷிரோ 1989இல் வரையத் தொடங்கிய 'கோஸ்ட் இன் தி ஷெல்' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதையின் நாயகி மோட்டோகோ குசனாகி. இயந்திர உடலில் மனித மூளை தாங்கிய காவல் அதிகாரி. மமோரு ஓஷீ 1995இல் இதனை அசைவூட்டப் படமாக்கினார்.

2017இல் ரூபர்ட் சாண்டர்ஸ் ஹாலிவுட்டுக்காக நடிகர்களைக் கொண்டு இக்கதையைப் படமாக்கியபோது, ஸ்கார்லெட் ஜொஹான்சன் நாயகியானது கண்டனத்துக்குள்ளாயிற்று. அவ்வுடலே அவளது பிறவி உடலன்று. எனவே ஆசிய நடிகைதான் வேண்டும் என்பதற்கு அடிப்படையில்லை என்றார் ஓஷீ.

ஆயினும், படம் வேறொன்றைச் சொல்லிவிடுகிறது. ஜப்பானியப் பெண்ணொருத்தியின் நினைவை அழித்து, அவள் மூளையை வெள்ளை உடலொன்றில் பொருத்தியது ஒரு நிறுவனம். சித்தர் தாமே கூடு பாய்வர், இவளோ பாய்ச்சப்பட்டவள். இறுதியில் தாயைக் காண்கிறாள், பெயரை அறிகிறாள். முகம் மட்டும் திரும்பவேயில்லை.