கிண்டியில் எஞ்சிய காடு

தரமணிக்கு அண்மையிலுள்ள கிண்டி தேசியப் பூங்காவில் மான் காணச் செல்வோர் அதன் வரலாற்றையும் அறிதல் நன்று. ஆங்கிலேயர் காலத்தில் இது ஆளுநர் மாளிகையைச் சூழ்ந்த வேட்டைக்காடு. 1910-இல் காப்புக்காடானபோது பரப்பு சுமார் 505 ஹெக்டேர். விடுதலைக்குப்பின் காந்தி மண்டபம், 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் முதலியவற்றுக்கு நிலம் பிரிந்தது. 1978-இல் தேசியப் பூங்காவானபோது எஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேரே.

எஞ்சிய இடமெல்லாம் வெளிமானுக்கு ஏற்றதன்று. பெயருக்கேற்ப அது திறந்த வெளியில் புல் மேய்வது. பகையைத் தொலைவிலேயே கண்டு, பாய்ந்தோடித் தப்புவது. புதர் மண்டினால் அதற்கு வாழ்விடமில்லை. புள்ளிமானோ புதர்க்காட்டிலும் பிழைக்கும். ஆகவே மரம் வளர்ப்பது மட்டுமே காடு காப்பதாகாது. கிண்டியில் புல்வெளியைக் காப்பதும் காடு காப்பதே.